இரவிலும் வேலை செய்யும் சோலார் பண்ணை



சூரியசக்தி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பலர் ஒரு வரியைத் தவறாமல் எழுதிவிடுவார்கள்: "இரவில் சூரியன் இல்லாததால் சோலார் பண்ணைகள் பயனற்றுக் கிடக்கின்றன." நானும் பல வருடமாக அந்த வரிக்குச் சரி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், வெயில் வேணும்னா அது தகட்டுக்குத்தானே? பக்கத்துல இருக்கிற அந்தப் பெட்டி ராத்திரியில என்ன செய்யும்?" "சும்மாதாம்மா இருக்கும், வேறென்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தபோதுதான் என் பதில் பாதிதான் சரி என்று தெரிந்தது. மறுவாரம் வகுப்பில் திருத்திச் சொன்னேன். அந்தத் திருத்தத்தைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

பெட்டியின் வேலை என்ன?

அந்தப் பெட்டியின் பெயர் இன்வெர்ட்டர். மாணவர்கள் சிலர் இதை 'மின்மாற்றி' என்று எழுதுகிறார்கள். அது வேறு கருவி. மின்மாற்றி மின்னழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். சூரியத் தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். நம் வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது நொடிக்கு 50 சுழற்சிகள் ஓடுகிறது. முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் கொடுப்பதுதான் இன்வெர்ட்டரின் வேலை. உள்ளே இருக்கும் மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. இவ்வளவு வேகமாக இயங்கும் கருவியை வேறு வேலைக்கும் பயன்படுத்தினால் என்ன என்று பொறியாளர்கள் யோசித்தார்கள்.

கைமாற்று போல ஒரு மின்சாரம்

மோட்டார், குளிர்சாதனம், மின்மாற்றி இவையெல்லாம் இயங்கக் காந்தப்புலம் வேண்டும். அதை உண்டாக்கக் கொஞ்சம் ஆற்றலை மின்கட்டமைப்பிலிருந்து வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நாம் அவசரத்துக்குக் கைமாற்று வாங்கி, கையோடு திருப்பித் தருகிறோம் இல்லையா, அதுபோலத்தான். 50 சுழற்சி மின்சாரத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நொடிக்கு 100 முறை நடக்கிறது. இதை எதிர்வினைத் திறன் என்கிறோம்.

கைமாற்று கொடுப்பவர் ரொம்பத் தூரத்தில் இருந்தால் என்ன ஆகும்? போய் வரும் வழியில் கம்பிகளின் சுமை கூடும். கடைசியில் உள்ள ஊரில் மின்னழுத்தம் இறங்கும். கொடுப்பவர் பக்கத்திலேயே இருந்தால் சிக்கல் குறையும். நள்ளிரவில் மின்சாரப் பயன்பாடு குறையும்போது இதற்கு எதிராக மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறுவதும் உண்டு. அப்போது எதிர்வினைத் திறனை உள்வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

இந்த இரண்டு வேலையையும் இன்வெர்ட்டர் செய்ய முடியும். கைமாற்றில் புதிய பணம் உருவாவதில்லை. அதேபோல இங்கே புதிய மின்னாற்றல் உருவாக வேண்டியதில்லை. ஆகவே சூரியன் தேவையில்லை. தன் சொந்த இழப்பை ஈடுகட்ட மட்டும் இன்வெர்ட்டர் மின்கட்டமைப்பிலிருந்து சிறிதளவு மின்சாரம் எடுத்துக்கொள்ளும். நல்ல வெயில் நேரத்தில் அதன் கொள்ளளவின் பெரும்பகுதி சூரியமின்சாரத்துக்கே போய்விடுகிறது. இரவிலோ முழுக் கொள்ளளவும் காலி!

கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜீவ் வர்மா இந்தத் துறையில் முன்னோடி. மின்னழுத்தத்தைச் சீராக்கத் தனியாக நிறுவும் விலையுயர்ந்த கருவியின் வேலையைச் சோலார் பண்ணையின் இன்வெர்ட்டரே இரவும் பகலும் செய்யும் முறையை அவர் குழு உருவாக்கியது. பிரிட்டனில் கிழக்கு சசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு சோலார் பண்ணை, 2019 நவம்பரில் இரவு நேரத்தில் எதிர்வினைத் திறன் வழங்கிக் காட்டியது.

ஒரே மாதம், இரண்டு பாடம்

இன்வெர்ட்டர் எப்போதும் நல்ல பிள்ளையா? இல்லை. 2016 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீ மூண்டது. தீயால் உயரழுத்த மின்தடங்களில் பழுதுகள் ஏற்பட்டன. அவற்றுள் ஒரு பழுதின்போது ஏறக்குறைய 1,200 மெகாவாட் சூரியமின்சாரம் நொடிப்பொழுதில் நின்றுபோனது. தீ எந்தச் சோலார் பண்ணையையும் எரித்ததால் அல்ல. பழுதின் கணத்தில் மின்னலை சற்றுக் குலைந்தது. அதைப் பார்த்த பல இன்வெர்ட்டர்கள், மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணே விழுந்துவிட்டது என்று தப்பாகக் கணக்குப் போட்டு விலகிக்கொண்டன. மின்னழுத்தம் குறைந்ததால் வேறு சில நின்றன. உதவி தேவைப்பட்ட நேரத்தில் கைகழுவிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே மாதம், அதே கலிபோர்னியாவில், 300 மெகாவாட் சோலார் பண்ணை ஒன்றில் வேறொரு சோதனை நடந்தது. கிடைக்கக்கூடிய முழு மின்சாரத்தையும் தராமல் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டது அந்தப் பண்ணை. கட்டுப்பாட்டு மையம் 4 நொடிக்கு ஒருமுறை 'கூட்டு', 'குறை' என்று கட்டளை அனுப்ப, அதற்கேற்ப உற்பத்தியை மாற்றிக்கொண்டே இருந்தது. வேகமான எரிவாயு நிலையங்களைவிடவும் துல்லியமாகக் கட்டளையைப் பின்பற்றியது என்பது சோதனையின் முடிவு.

அந்த இரண்டு நிகழ்வுகளிலும் கருவி ஒன்றுதான். அதற்கு நாம் கொடுத்த கட்டளைதான் வேறு. தீ விபத்துக்குப் பிறகு, அவசரப்பட்டு விலகாமல் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கும்படி இன்வெர்ட்டர்களின் மென்பொருள் மாற்றப்பட்டது. 2018-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தரவிதியும், சிறிய இன்வெர்ட்டர்கள்கூடத் தற்காலிகக் குலைவுகளைத் தாங்கி நிற்கவும் மின்னழுத்தத்தைச் சீராக்க உதவவும் வேண்டும் என்கிறது.

இது நமக்கும் தூரத்து விஷயமல்ல. சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் மிதக்கும் பண்ணை 2021 முதல் இயங்குகிறது. மலேசியாவிலும் பெரிய பண்ணைகள் பெருகி வருகின்றன. சுழலும் ராட்சத இயந்திரங்கள் குறையக் குறைய, அவை செய்துவந்த காவல் வேலையை இன்வெர்ட்டர்கள்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

தேர்வுக்கு ஒரு குறிப்பு

மாணவர்களே, அந்தப் பழைய வரியை இனி இப்படி எழுதிப் பாருங்கள்: "இரவில் சோலார் பண்ணைகள் மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை, எனினும் அவற்றின் இன்வெர்ட்டர்கள் மின்னழுத்தத்தைச் சீராக வைக்க உதவ முடியும்." 'உற்பத்தி' வேறு, 'பயன்' வேறு. இந்த ஒரு சொல் வேறுபாடு உங்கள் கருத்தையே துல்லியமாக்கிவிடும்.

ஆசிரியர்கள் வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. எதிர்வினைத் திறனைக் 'கைமாற்று' என்று ஒப்பிட்டது எவ்வகையில் பொருந்துகிறது? எங்கே பொருந்தவில்லை?
2. கலிபோர்னியாவின் இரண்டு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
3. தேவைப்படும் கணத்தில் உதவும் என்று உற்பத்தியில் கையிருப்பு வைப்பது பண்ணை உரிமையாளருக்கு நட்டம். அந்த நட்டத்தை யார் ஏற்க வேண்டும்? காரணம் காட்டி வாதிடுக.

மூன்றாவது கேள்விக்கு என் வகுப்பில் ஒரு பாடவேளை போதவில்லை. நேரம் ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள்.