பனிக்கால முகாமில் உணவைப் பாதுகாத்தல்

கரடிகள் வாழும் காடுகளில் பனிக்காலத்தில் கூடாரமடித்துத் தங்குவோர், தம் உணவு காட்டுயிர்களின் கையில் சிக்காமல் காக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, 1872 இல் அமைக்கப்பட்ட அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைக் கொள்ளலாம். கிரிசிலி எனப்படும் பழுப்புக் கரடியும் அமெரிக்கக் கருங்கரடியும் இங்கு வாழ்கின்றன.

கரடி உறங்கும் காலத்தில் என்ன கவலை என்று பலர் எண்ணுவதுண்டு. அது பாதி உண்மையே. கரடியின் பனிக்கால உறக்கம் ஆழ்ந்ததன்று. தொந்தரவு செய்தால் விழித்துக்கொள்ளும். ஆண் கிரிசிலிகள் மார்ச் மாதத்திலேயே குகையை விட்டு வெளிவரத் தொடங்குகின்றன. அப்போதும் அங்கே தரையெல்லாம் பனிதான்.

மேலும், கரடி உறங்கினாலும் மற்றவை உறங்குவதில்லை. யெல்லோஸ்டோனின் அண்டங்காக்கைகள் பனிவண்டிகளில் விட்டுச்செல்லும் பைகளின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கப் பழகியவை. மரமேறும் மார்ட்டனும் நரியும் இரவில் வரும். உணவைப் பனியில் புதைத்து வைப்பது பயனற்றது. பனிக்கடியில் ஓடும் எலியின் ஓசையைக் கேட்டே பாய்ந்து பிடிக்கும் நரிக்கு அதைத் தோண்டியெடுப்பது பெரிய வேலையில்லை. கடுங்குளிரில் உடற்சூட்டைக் காப்பது உணவே என்பதால், ஒரு வேளை உணவு பறிபோனாலும் இழப்பு பெரிது.

தொங்கவிடுதல்

உணவுப் பையைத் தரையிலிருந்து 10 அடி உயரத்திலும், மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவிட வேண்டும் என்பது பூங்காவின் விதி. பனிக்காலத்தில் இவ்வளவைப் பனியின் மேற்பரப்பிலிருந்தே எடுக்க வேண்டும். 5 அடிப் பனி படிந்திருந்தால், கோடையில் 10 அடியில் இருந்த பை இப்போது கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கும். நனைந்த கயிறு இரவில் உறைந்து கம்பிபோல் விறைத்துவிடும். ஆகவே, கையுறையுடன் இழுத்தாலே அவிழும் சுருக்கு முடிச்சைப் போடுவது நல்லது.

மரமில்லாத இடங்களில் கரடியால் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி பயன்படும். அதைச் சரிவில் வைத்தால் வழுக்கிச் சென்றுவிடும். இரவுப் பனியில் புதைந்தும் போகும். சமதளத்தில் வைத்து, அருகே ஒரு கோலை நட்டு அடையாளம் வைக்க வேண்டும்.

கூடாரத்தில் உணவு

உறையாமல் இருக்கட்டும் என்று உணவைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்வது பனிக்கால முகாம்களில் எளிதில் நேரும் தவறு. தண்ணீர்ப் புட்டியை அப்படி வைக்கலாம், உணவை வைக்கக்கூடாது. பாலாடைக்கட்டி போன்றவற்றை வீட்டிலேயே சிறு துண்டுகளாக நறுக்கிக்கொண்டால், உறைந்தாலும் சிக்கலில்லை. பற்பசை, சோப்பு ஆகியவையும் மணமுள்ளவை என்பதால் உணவோடு சேர்த்தே வைக்கப்பட வேண்டும். சமைக்குமிடமும் உணவு இருக்குமிடமும் படுக்குமிடத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பனிப்புயலுக்கு அஞ்சிக் கூடாரத்திற்குள் அடுப்பு மூட்டுவது, வாசனையைவிடக் கார்பன் மோனாக்சைடு நச்சால் ஆபத்தானது.

மனித உணவைச் சுவைத்த கரடி மீண்டும் மீண்டும் வரும். இறுதியில் அது சுடப்படவும் நேரலாம். யெல்லோஸ்டோனின் கடைசித் திறந்தவெளிக் குப்பைக்கிடங்கு 1970 இல் மூடப்பட்டபின், முகாம்களை நாடி வந்த கிரிசிலிகள் பல இவ்வாறே கொல்லப்பட்டன. பனியில் சிந்திய சோற்றுப் பருக்கையும் கொழுப்புத் துளியும் அன்றைக்குக் கண்ணுக்கு மறைந்துவிடும். பனி உருகும்போது, கரடிகள் குகையிலிருந்து வெளிவரும் அதே நாட்களில், அவை மீண்டும் மேலே வந்து கிடக்கும்.