ஃபைலிலும் 91, பங்க்கிலும் 91... ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல ப்ரோ! டர்போ கார் ட்யூனிங்கும் டெல்டா பெட்ரோலும்

செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கியாச்சு. தஞ்சாவூர் - விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு ரவுண்டும் போயாச்சு. அடுத்து? ரீல்ஸைத் திறந்தால், ‘ஸ்டேஜ் 1 ரீமேப்... 30 பிஎஸ் எக்ஸ்ட்ரா... ஒரே மணி நேரத்தில்’ என்று யாராவது காருக்குள் லேப்டாப்பைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ ஒரு ட்ரிப் அடித்தால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

தோன்றுவதில் தப்பில்லை. டர்போ காரில் பவர் ஏற்றுவது நிஜமாகவே அவ்வளவு சுலபம்தான். ஆனால், ட்யூன் போடுவது சென்னையில்; பெட்ரோல் போடப்போவது ஒரத்தநாட்டில். சிக்கல் ஆரம்பிப்பது இந்த இடைவெளியில்தான்.

சாதாரண என்ஜின், வெளியில் இருக்கும் காற்றைத் தானாக எவ்வளவு உறிஞ்ச முடியுமோ அவ்வளவுதான் உறிஞ்சும். டர்போ அப்படியில்லை. சைலன்ஸருக்குப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. எவ்வளவு திணிக்கலாம் என்று முடிவு செய்வது இசியு என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். அந்த எண்ணை மாற்றினால் காற்று கூடும், காற்றுக்கு ஏற்ப பெட்ரோல் கூடும், பவர் கூடும். ஸ்பேனரே தேவையில்லை.

வாய்க்கால் மதகைப் போலத்தான் இதுவும். ஷட்டரை இன்னும் நாலு சுற்று சுற்றித் தூக்க யாருக்கும் தெரியும். கரை தாங்குமா என்பது வேறு கேள்வி. டர்போ காரில் அந்தக் கரை மூணு இடத்தில் இருக்கு: பெட்ரோல், வெப்பம், கியர்பாக்ஸ்.

ஆக்டேன் என்பது பவர் இல்லை

முதலில் ஒரு மூடநம்பிக்கையை உடைச்சிடலாம். ஆக்டேன் அதிகமான பெட்ரோலில் ‘சக்தி’ அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ஆக்டேன் எண் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: அமுக்கத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அந்தப் பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுமையா இருக்கும்?

ஸ்பார்க் ப்ளக் பொறி வைத்ததும் தீ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். வைக்கோல் போரில் ஒரு மூலையில் பற்றிய நெருப்பு நகர்வதுபோல. ஆனால், அமுக்கமும் சூடும் அளவு மீறினால், தீ வந்து சேரும் முன்பே மறுமூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். மெக்கானிக் ஷெட்டில் ‘என்ஜின் தட்டுது’ என்பார்களே, அது. லேசாகத் தட்டினால் நாக் சென்சார் கேட்டுவிட்டு பொறியைத் தாமதப்படுத்தும். பவர் குறையும், அவ்வளவுதான். பலமாகத் தட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். அதற்குப் பிறகு செலவு ரீமேப் கட்டணத்தைப் போல பல மடங்கு.

அதனால்தான் டர்போ இல்லாத சின்ன ஹேட்ச்பேக்கில் 100 ஆக்டேன் ஊற்றினாலும் பெருசா ஒண்ணும் நடக்காது. ஆக்டேன் பவரைக் கொடுக்காது. பவரை ஏற்ற அனுமதி கொடுக்கும். இதற்கு வரலாற்றில் அழகான உதாரணம் இரண்டாம் உலகப்போர். 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும், ஸ்பிட்ஃபயரில் இருந்த மெர்லின் என்ஜினின் பூஸ்ட் அளவை ஆறேகால் பிஎஸ்ஐ-யிலிருந்து 12-க்கு ஏற்றினார்கள். பெட்ரோலை மட்டும் மாற்றி பூஸ்ட்டை ஏற்றாமல் விட்டிருந்தால் அதே பவர்தான். பூஸ்ட்டை மட்டும் ஏற்றி பெட்ரோலை மாற்றாமல் விட்டிருந்தால் என்ஜினே மிஞ்சியிருக்காது. இன்றைக்கு நம்ம ஊர் காரில் நடப்பதும் அதே கணக்குதான், சைஸ் மட்டும் சின்னது.

அமெரிக்க 91, தஞ்சாவூர் 91

இந்தியாவில் பிஎஸ்6 விதிமுறைப்படி சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 ஆக்டேன், ப்ரீமியத்துக்கு 95. இந்த அளவுக்குப் பெயர் ‘ரான்’. ஐரோப்பாவிலும் பங்க்கில் போட்டிருப்பது இதேதான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பங்க்கில் எழுதியிருக்கும் எண், ரானையும் ‘மான்’ என்ற இன்னொரு கடுமையான சோதனை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அதனால் அங்கே ‘91’ என்றால் நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 95, 96. அவர்களுடைய ‘93’ இங்கே ஏறக்குறைய 98.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அமெரிக்க கம்பெனியின் ‘91 ஆக்டேன் ஃபைல்’ ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி (அல்லது டெலிகிராமில் ஓசியில் எடுத்து!) காரில் ஏற்றுகிறீர்கள். நம்ம பங்க்கிலும் 91 இருக்கே என்று நிம்மதியாக டேங்க்கை நிரப்புகிறீர்கள். எண் பொருந்துது, பெட்ரோல் பொருந்தல. நாலு, அஞ்சு ஆக்டேன் பள்ளத்தில் வண்டி ஓடிட்டு இருக்கும். ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: “அண்ணே, இந்த ஃபைல் எந்த ஆக்டேனுக்கு எழுதினது? ரானா, அமெரிக்க நம்பரா?” பதில் சொல்லத் தடுமாறினால் அங்கிருந்து கிளம்பிடலாம்.

100 ஆக்டேன் கிடைக்குமே என்று கேட்கலாம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது, முதல் கட்டமாக வந்த பத்து நகரங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. பெரிய நகரங்களைக் குறிவைத்த சரக்கு அது. வார இறுதியில் சென்னை போகும்போது நிரப்பலாம். ஆனால், மன்னார்குடியில் ராத்திரி பத்து மணிக்கு டேங்க் காலியானால் எது கிடைக்குமோ அதைத்தான் ஊற்றப்போறீங்க. ட்யூன் அந்த ராத்திரிக்குப் பொருந்தணும்.

இன்னொரு சின்ன விஷயம். கலர் கலரான பெயர் இருந்தாலே ஆக்டேன் அதிகம் என்று அர்த்தமில்லை. சில பிராண்டட் பெட்ரோல்களில் கூடுதலாக இருப்பது என்ஜினைச் சுத்தம் செய்யும் சேர்மானம் மட்டும்தான். பெயரைப் பார்க்காதீங்க, எண்ணைக் கேளுங்க.

எத்தனால் வந்ததும் கணக்கு மாறுதா?

மாறுது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்கிறது. எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கும். டர்போ என்ஜினுக்கு இரண்டுமே நல்ல செய்தி. (இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியிலிருந்து எத்தனால் தயாரிக்க 2020-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. நம்ம வயல் நெல்லே சுத்தி வந்து நம்ம டேங்க்கில் விழலாம் என்பது டெல்டாக்காரங்களுக்கு சந்தோஷமா, வருத்தமா என்று தெரியவில்லை.)

ஆனால், எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு இன்ஜெக்டர் அதிகமாக ஊற்ற வேண்டும். ஸ்டாக் காரில் இதற்கு இடம் விட்டிருப்பார்கள். ட்யூன் செய்து பூஸ்ட்டை ஏற்றிய காரில் ஃபியூயல் பம்ப்பும் இன்ஜெக்டரும் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், உச்ச வேகத்தில் பெட்ரோல் பத்தாமல் போகும். காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்றால் சூடு எகிறும். பழைய எத்தனால் அளவை வைத்து எழுதிய ஃபைலை இன்றைக்கு அப்படியே ஏற்றுவதும் இதனால்தான் சரிப்படாது. உங்க கார் இ20-க்கு ஏற்றதா என்பதையும் முதலில் மேனுவலில் பார்த்துடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையும் இதில் சேரும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க்கில் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் விழுந்துவிடும். சிங்கப்பூரில் வேலை, வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஊர், கார் வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகையில் நிற்கிறது என்றால் கவனம். வந்த முதல் நாளே பழைய பெட்ரோலோடு முழு பூஸ்ட்டில் மிதிக்காதீங்க.

மே மாசம், மதியம் ரெண்டு மணி

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப்பைத் தொட்டவர்களுக்குத் தெரியும். 40 டிகிரி வெயிலில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவை விட்டு வெளியே வரும்போது அது 100 டிகிரியை எளிதாகத் தாண்டும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். ஆனால், எந்த இன்டர்கூலரும் வெளிக்காற்றைவிடக் குளிராகக் காற்றைத் தர முடியாது. டிசம்பர் விடியற்காலையில் பறந்த அதே கார், அக்னி நட்சத்திர மதியத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு டிராஃபிக்கில் இருபது நிமிஷம் ஊர்ந்த பிறகு சோர்ந்துபோவது இதனால்தான். அந்த நேரத்தில் அதே பெட்ரோல் தாங்கும் பூஸ்ட் குறைவு.

டைனோ மெஷினில் ஒரு இழுப்பு சில விநாடிதான், எதிரே பெரிய ஃபேன் வேறு. அங்கே வந்த எண் இன்ஸ்டாவில் போட நல்லா இருக்கும். நீங்க கேட்க வேண்டியது தொடர்ந்து நாலைந்து இழுப்புக்குப் பிறகு எடுத்த பதிவு: உள்ளே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியது, பெட்ரோல் அழுத்தம் எங்கேயாவது விழுந்ததா? இதையெல்லாம் ரோட்டில் சோதிக்கிற வேலை வேண்டாம். அறுவடை சமயத்தில் நம்ம ரோட்டில் பாதி நெல் காயும், மீதியில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் போகும்.

கியர்பாக்ஸ் சொல்லும் கணக்கு

பெட்ரோலும் வெப்பமும் சரியாக இருந்தாலும் கடைசிக் கரை ஒன்று இருக்கு. இளைஞர்கள் அதிகம் ட்யூன் செய்ய ஆசைப்படும் காரை எடுத்துக்கலாம்: ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 டர்போ. கம்பெனி கொடுப்பது 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க். இதன் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ட்ரை கிளட்ச் வகை 7 ஸ்பீடு டிஎஸ்ஜி. அந்த கியர்பாக்ஸ் தாங்கும் என்று சொல்லப்பட்டிருக்கும் டார்க் எவ்வளவு தெரியுமா? அதே 250. ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே கரை தளும்ப நிற்கிறது.

அப்போ ஒன்றுமே செய்ய முடியாதா? இங்கேதான் நல்ல ட்யூனரையும் வெறும் லேப்டாப்காரரையும் பிரிக்கலாம். கியர்பாக்ஸுக்கு வலிப்பது டார்க். டார்க்கையும் சுழற்சியையும் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் வருவது பவர். இந்த காரில் 250 டார்க் 3,500 ஆர்பிஎம் வரைதான். 5,000-ல் 150 பிஎஸ் என்றால், அங்கே டார்க் 211-க்கு இறங்கியிருக்கு. அதையும் 250-லேயே பிடித்து வைத்தால் பவர் 178 பிஎஸ். கியர்பாக்ஸ் பார்க்கும் உச்ச டார்க் ஒரு பொட்டுகூடக் கூடவில்லை! ஆனால், சின்ன டர்போ அந்த வேகத்தில் ரொம்பச் சிரமப்பட்டுக் காற்றைத் தள்ளும், அதனால் சூடு கூடும், மறுபடியும் ஆக்டேனில் வந்து நிற்போம். கூரையைத் தொடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உங்க பெட்ரோல்தான் முடிவு செய்யும்.

ரீல்ஸில் காட்டுவதோ இதற்கு நேர்மாறு. 2,000 ஆர்பிஎம்-மில் டார்க்கை 300-க்கு மேல் தூக்கி, முதுகு சீட்டில் ஒட்டும் அந்த ஒரு விநாடிக்காக எழுதிய ஃபைல்கள். ஓட்ட ஜாலியா இருக்கும். கிளட்ச்சுக்கு மட்டுமல்ல, என்ஜினுக்கும் கெடுதல் அதுதான். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ என்ஜின்களில், குறைந்த சுழற்சியில் அதிக பூஸ்ட் கொடுத்தால், ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து தனியாக உண்டு. அதற்கு ஆக்டேன் முழு மருந்து இல்லை. என்ஜின் ஆயிலின் தரத்துக்கும் பங்கு உண்டு. டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கிற பழக்கம் இருந்தால், ஒரு கியர் குறைத்துவிட்டு மிதிங்க.

சட்டம், வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ்

ஆர்சி-யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘சாஃப்ட்வேர்தானே, யாருக்குத் தெரியும்’ என்றால், சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் ட்யூன் செய்த வண்டியைக் குறிக்க ‘டிடி1’ என்று ஒரு குறியீடே இருக்கு. அது விழுந்தால் என்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டியை மறந்துடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், வாரன்ட்டி முடிந்த காரில் செய்தே தீருவேன் என்றால், ட்யூனரிடம் இரண்டு ஃபைல் கேளுங்க. ஒன்று 91 ரானுக்கு, ஊரில் ஓட்ட. இன்னொன்று 95-க்கு, அது உறுதியாகக் கிடைக்கும் பயணத்துக்கு. இரண்டிலும் டார்க் கியர்பாக்ஸ் எல்லைக்குள் இருக்கணும். அப்புறம், காரில் முதலில் இருந்த ஒரிஜினல் ஃபைலின் காப்பியை ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுக்கணும்.