உங்களுக்குத் தெரியுமா? தமிழின் முதல் இரட்டை வேடம் புதுக்கோட்டைக்காரருடையது

புதுக்கோட்டை மண்ணில் 1916-இல் பிறந்தவர் நடிகர் பி. யு. சின்னப்பா. மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் அவர் ஏற்றதே தமிழ்ப்படத்தின் முதல் இரட்டை வேடம். அது கேமரா வித்தைதானே, நடிகருக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் கேமரா உருவத்தை இரட்டிக்குமே தவிர, நல்லவனையும் கொடியவனையும் பிரித்துக் காட்டாது. அதற்கு நாடகக் கம்பெனியில் சிறுவயது முதல் பெற்ற பயிற்சி வேண்டும். 'ஜகதலப்பிரதாபன்' (1944) பாட்டுக் காட்சியைப் பாருங்கள்: பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே, மொத்தம் ஐந்து சின்னப்பாக்கள்! தாளஞானம் இல்லாதவரை வைத்து எந்த வித்தையும் இதைச் செய்யாது. 1949-இல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடங்கள். 1951-இல் இறந்தபோது அவருக்கு வயது 35தான்.