பழைய பேனா, புது மை – 7: கந்தகம் மணக்கும் கருப்பு

மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் பொறுக்கியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் கை பரபரக்கும். சந்தை 1985 மே 30-ல் தீக்கிரையானது. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் மின்ரயில்கள் கிளம்புவது மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்துதான். பேனாப் பித்துப் பிடித்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடைக்காது. சுமார் 42 கிலோமீட்டர் தள்ளி இறங்கினால் ரங்கா பேனாக்களின் ஊர். எபோனைட் கட்டையைக் கடைந்து பேனா செய்யும் வேலை அங்கே இன்னும் நடக்கிறது.

எபோனைட் வேறொன்றுமில்லை, ரப்பர்தான். டயர் ரப்பருக்குச் சேர்ப்பதைப் போலப் பல மடங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், வளையும் ரப்பர் கருங்காலி போல இறுகிவிடும். அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் இதற்கு 1851-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு பேனா எபோனைட்தானா என்று கண்டுபிடிக்க மூக்கு போதும். பேனாவின் உடலைக் கட்டைவிரலால் நான்கைந்து தடவை அழுத்தித் தேய்த்து முகர்ந்தால், தீக்குச்சி உரசியது போல ஒரு நெடி வரும். பிளாஸ்டிக்கில் அது வராது. பழைய பேனா விற்கும் இடத்தில் ஒருவர் பேனாவை எழுதிப் பார்க்காமல் மோந்து பார்த்தால், அவர் விவரம் தெரிந்தவர்.

1921-ல் வந்த பார்க்கர் டூயோஃபோல்டின் பெயர்பெற்ற சிவப்பு உடலும் எபோனைட்தான். 1924-ல் ஷேஃபர் நிறுவனம் செல்லுலாய்டுக்கு மாறியது. பளபளப்பும் வண்ணமும் ஜெயித்தன. மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். இந்தியாவிலோ எபோனைட் தாக்குப்பிடித்தது. தேசபக்தி ஒரு காரணம். ராஜமுந்திரியில் ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பாராட்டி 1935-ல் காந்தி கடிதம் எழுதினார். ஆனால் பெரிய காரணம் லேத். பிளாஸ்டிக்கை வார்க்க அச்சும் இயந்திரமும் வேண்டும். அந்தச் செலவு மீள ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். எபோனைட்டுக்கு ஒரு கட்டை, ஒரு லேத், கை பழகிய ஓர் ஆள் போதும். பத்துப் பேனா செய்தாலும் நஷ்டமில்லை. 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டையைச் சுற்றி லேத் பட்டறைகளோடு வளர்ந்த அம்பத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ரங்காவும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஜெர்மனியின் யோவோ, பாக் நிறுவனங்களின் நிப்புகளைப் பொருத்தி, திருவள்ளூரில் கடைந்த பேனாக்கள் கடல் கடந்து போகின்றன.

பழைய எபோனைட்டைச் சீர்செய்வதில் பாதி வேலை, சும்மா இருக்கத் தெரிவது. மை காய்ந்து அடைத்த பேனாவை முழுசாக வெந்நீரில் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் வேறு பேனா கிடைக்கும். தண்ணீரும் வெளிச்சமும் பட்டால் மேல்பரப்பின் கந்தகம் கிளர்ந்து, கருப்பு மங்கிப் பாசி படிந்த பழுப்பாகும். ஆகவே தண்ணீர் நிப்புக்கும் அதன் அடிக்கட்டைக்கும் மட்டும்தான், அதுவும் ஆறிய தண்ணீர்.

கொதிநீருக்கு ஒரே ஒரு வேலை உண்டு. அடிக்கட்டைக்கும் நிப்புக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் மை தடைப்படும். நிப்போடு சேர்த்து அந்த முனையைச் சில விநாடி கொதிநீரில் காட்டி, இளகிய எபோனைட்டை நிப்போடு அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கட்டை இவ்வளவு சொன்ன பேச்சு கேட்காது.

நம் ஊர்ப் பேனாக்களில் பெரும்பாலும் உள்ளே ரப்பர்ப் பை கிடையாது. மை நிரப்பியால் உடலிலேயே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். கெட்டுப்போக அதிகம் இல்லை. மை குறைந்தால் கைச்சூட்டில் உள்காற்று விரிந்து ஒரு சொட்டைக் கக்கும். பள்ளிக்கூடச் சட்டைப் பைகளின் நீலத் தேசப்படங்கள் அப்படி வந்தவைதான். மறையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசிவாவது நிற்கும். நெம்புகோல் வைத்த சீமைப் பேனாக்களில் மட்டும் பையை மாற்ற வேண்டிவரும். அதை ஒட்ட அரக்குக் கரைசலே சரி, லேசான சூட்டில் விட்டுக்கொடுக்கும். உடனடிப் பசை போட்டு ஒட்டுவது, அடுத்துத் திறக்கப்போகிறவருக்குச் செய்யும் துரோகம்.

கடைசியில் நிறத்தகராறு. பழுப்பேறிய உடலைத் தேய்த்து மறுபடி கருப்பாக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்க, பொறித்த எழுத்தும் போய்விடும். பெயரில்லாத பளபளப்பைவிடப் பெயரோடு கூடிய பழுப்பு மேல். மூடியைக் கழற்றினால், அதுவரை அது மறைத்திருந்த இடத்தில் மட்டும் விரலகலத்துக்குக் கருப்பு வளையம் தெரியும். கடையிலிருந்து வாங்கிவந்த அன்று பேனா முழுக்க இருந்த நிறம் அது.

(தொடரும்)