முதலில் தாங்கு, பிறகு உடை

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ராத்திரியில் எழுந்து ஹாலைச் சுற்றிக்கொண்டு பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. அவர் படுக்கும் அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். அதில் ஒரு கதவு வைத்துவிட்டால் என்ன? பல வீடுகளில் இந்த யோசனை இப்படித்தான் பிறக்கிறது. சில வீடுகளில் வாஸ்து பார்க்க வந்தவர் கிளப்பிவிட்டுப் போயிருப்பார். கொத்தனாரைக் கேட்டால், "ரெண்டு நாள் வேலை சார், உடைச்சு நிலையை வச்சுப் பூசிடலாம்" என்பார்.

உடைக்கலாம்தான். ஆனால் அந்தச் சுவர் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் ஆகும்.

வீட்டுக்குள் இருக்கும் சுவர்களில் இரண்டு ஜாதி. ஒன்று, அறையைப் பிரிப்பதோடு சரி. தன் எடையைத் தவிர வேறெதையும் சுமக்காது. இன்னொன்று, மேலே இருக்கும் தளத்தையும் மாடியையும் தாங்கி அஸ்திவாரத்துக்கு அனுப்புவது. முதலாவது பெரும்பாலும் நாலரை இஞ்ச் சுவர், இரண்டாவது ஒன்பது இஞ்ச். தடிமனை அளந்து பார்ப்பது நல்ல ஆரம்பம். ஆனால் அதோடு முடிவு கட்டிவிடக் கூடாது. தூணும் பீமும் போட்டுக் கட்டிய வீட்டில் ஒன்பது இஞ்ச் சுவர்கூட வெறும் அடைப்பாக இருக்கலாம். பழைய வீட்டில் நாலரை இஞ்ச் சுவரின் மேல் யாரோ பரணை ஏற்றி வைத்திருக்கலாம். மாடிக்குப் போய், இந்தச் சுவருக்கு நேர் மேலே இன்னொரு சுவர் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடாக இருந்தால் அண்ணாந்து பாருங்கள்: மரச் சட்டங்களின் முனை எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் சுமக்கிற சுவர்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அண்மைக் காலத்தில் கட்டிய பல குடியிருப்புகளில் செங்கல்லே இல்லாமல் சுவரையும் தளத்தையும் சேர்த்துக் கான்கிரீட்டாகவே வார்க்கிறார்கள். அங்கே சுவர்தான் தூண். உங்கள் வீட்டுச் சுவர், மேலே இருக்கிற அத்தனை வீடுகளுக்கும் கால். அதில் கை வைக்கவே கூடாது.

சரி, நம்முடையது செங்கல் சுவர், ஒன்பது இஞ்ச், மேலே தளம் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றடிக் கதவு, நிலையோடு சேர்த்து மூன்றரை அடி அகலம், ஏழடி உயரத்துக்குத் திறப்பு வேண்டும். அவ்வளவு செங்கல்லை எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன் ரப்பிஷ் வெளியே போகும். போகிற எடையைப் பற்றிக் கவலை இல்லை. அதன் தலையில் இதுவரை இருந்த எடை இனி எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

செங்கல் சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நடுவில் துளை விழுந்தால், மேலே உள்ள கற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வளைவுபோல நின்று, பாரத்தை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். துளைக்கு நேர் மேலே முக்கோண வடிவில் உள்ள கற்கள் மட்டும் கீழே வரப் பார்க்கும். மூன்று பக்கமும் சமமான அந்த முக்கோணத்தின் உயரம், மூன்றரை அடித் திறப்புக்குச் சுமார் மூன்றடி. பழைய சுவரில் சிறு ஜன்னலை உடைத்தும் ஒன்றும் ஆகாமல் நிற்கிற ரகசியம் இதுதான்.

ஆனால் நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தளம் இருப்பது பத்தடி உயரத்தில், கதவு ஏழடி. மிச்சம் மூன்றடி. முக்கோணத்தின் உச்சி போய்த் தளத்தையே இடிக்கிறது. வளைவு உருவாக உச்சிக்கு மேலேயும் சுவர் வேண்டும்; இங்கே அதற்கு இடமில்லை. அதனால் தளத்தின் பாரமும் திறப்பின் மேல் இறங்கும் என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும். அதைத் தாங்கப் போவது, திறப்பின் தலையில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் சட்டமான லிண்டல். அதன் அளவையும் உள்ளே போகும் கம்பியையும் ஒரு கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். சில வீடுகளில் ஏழடி மட்டத்தில் எல்லாச் சுவர் மேலும் லிண்டல் தொடர்ச்சியாக ஓடியிருக்கும். அப்படியிருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனாலும் திறப்பே இல்லாத இடத்தில் உள்ளே எவ்வளவு கம்பி போட்டார்கள் என்பதைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இடத் தேர்வும் முக்கியம். மூலையை ஒட்டியோ, இருக்கிற ஜன்னலை ஒட்டியோ புது வாசல் வரக் கூடாது. பக்கவாட்டில் தள்ளப்படும் பாரத்தை வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் போதிய சுவர் நிற்க வேண்டும். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரானால், அதிலிருந்து மேலே கூரை வரை வயர் குழாய் ஓடியிருக்கும். பாத்ரூம் பக்கம் தண்ணீர்க் குழாய் புதைந்திருக்கும். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் பார்த்து, லைனை நிறுத்திய பிறகுதான் உளி.

இனி வேலைக்கு வருவோம். தலைச்சுமையோடு வருகிறவரிடமிருந்து சுமையை மாற்றிக்கொள்ளும்போது என்ன செய்வோம்? முதலில் நம் கையை அடியில் கொடுப்போம். அதன் பிறகுதான் அவர் விடுவார். சுவரிலும் இதே வரிசைதான்.

முதலில் சுவருக்கு இரண்டு பக்கமும், அடியிலும் மேலும் பலகை கொடுத்துத் தளத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். வேலை மாடியில் நடந்தால் கீழ்த்தளத்திலும் முட்டு வேண்டும். அதே சமயம் ஒரு பக்கம் லிண்டல் வார்த்துத் தயாராக இருக்கட்டும். பொறியாளர் சொன்ன அளவு, உதாரணத்துக்கு, நாலரை இஞ்ச் அகலம், ஆறு இஞ்ச் உயரம், ஐந்தடி நீளம் என்று இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் 65 கிலோ போல வரும். இரண்டு ஆள் தூக்கிவிடலாம். குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். தூக்கி ஏற்றுவதற்குள் மேலும் சில நாள் இறுகட்டும். கம்பி அடிப்பக்கம் இருக்கும் என்பதால் மேல் முகத்தில் 'மேல்' என்று பெயின்டில் எழுதி வையுங்கள். தலைகீழாக வைத்தால் பாரம் ஏறும்போது விரிசல் விடும்.

பிறகு திறப்பின் தலைமட்டத்தில், சுவரின் பாதித் தடிமனுக்கு மட்டும், ஒரு பக்கத்திலிருந்து காடி வெட்ட வேண்டும். மறு பாதி அப்போது பாரத்தைப் பார்த்துக்கொள்ளும். காடியில் முதல் துண்டை ஏற்றி, இரண்டு முனையும் குறைந்தது ஆறு இஞ்ச், முடிந்தால் ஒன்பது இஞ்ச் சுவரில் உட்காரும்படி வைக்க வேண்டும். அந்த இடத்தில் கல் பொடிந்திருந்தால் எடுத்துவிட்டுக் கான்கிரீட் திண்டு போட வேண்டும். இனி பாரமெல்லாம் அந்த இரண்டு இடத்தில்தான் இறங்கும். லிண்டலுக்கும் மேல் கல்லுக்கும் நடுவே உள்ள சந்தில், உருட்டினால் உருண்டையாக நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரமுள்ள சிமென்ட் கலவையைக் கம்பியால் குத்திக் குத்தித் திணிக்க வேண்டும். நீர்த்த கலவை காயும்போது சுருங்கி இடைவெளி விடும். அந்த இடைவெளி அளவுக்குச் சுவர் இறங்கும், மாடிச் சுவரில் விரிசல் தெரியும். இது நன்றாக இறுகிய பிறகு மறுபக்கம் இதே போல இரண்டாவது துண்டு.

இரண்டும் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகே உடைப்பு. இரண்டு பக்கமும் கோடு போட்டு, கட்டரால் கீறி, லிண்டலுக்கு அடியிலிருந்து கீழ்நோக்கி வரிசை வரிசையாகக் கல்லை எடுக்க வேண்டும். சம்மட்டி வேண்டாம், அது பக்கத்துச் சுவரின் கலவையையும் ஆட்டிவிடும். தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டட்டும். வேலை செய்பவர்களுக்குத் துண்டு போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். அந்தப் புழுதி நுரையீரலில் தங்கிவிடக்கூடியது. தரை மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே இருக்கும் பிளிந்த் பீமைத் தொடக் கூடாது. முட்டுகளைக் கடைசியில், ஒவ்வொன்றாக, மெதுவாகத் தளர்த்தி எடுக்கலாம். அதன் பிறகு நிலை வைப்பது, பூசுவது, பாத்ரூம் தண்ணீர் அறைக்குள் வராமல் கிரானைட் பட்டை பதிப்பது எல்லாம் கொத்தனாருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆக, இரண்டு நாள் என்று சொன்ன வேலை இரண்டு மூன்று வாரத்துக்கு நீளும். அதில் பெரும்பகுதி கான்கிரீட்டும் கலவையும் இறுகுவதற்காகக் காத்திருப்பது. அந்தக் காத்திருப்புக்குக் கூலி கிடையாது என்பதால்தான் அதை யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை கொத்தனார் வரும்போது கூலி பேசுவதற்கு முன், "லிண்டலை எப்போது வைப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். உடைத்த பிறகு என்று சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.