வண்டி நின்றால் கலங்காதீர்கள்! நாமே பார்க்கும் பழுது எது? கை வைக்கக்கூடாத இடம் எது?

பலாப்பழம் என்றால் பண்ருட்டி. பண்ருட்டியில் இருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். பலாவும் முந்திரியும் செழித்து வளரும் செம்மண் பூமி.

சீசன் வந்துவிட்டால் சாலை ஓரத்தில் பலாப்பழங்கள் குவிந்து கிடக்கும். இந்தப் பழங்களைத் தோப்பில் இருந்து மண்டிக்கும், வெளியூர் மார்க்கெட்டுக்கும் கொண்டு போக வேண்டும். பெரிய லாரி தோப்புக்குள் நுழையாது. நுழைவது பிக்-அப் என்ற சின்ன டீசல் வண்டிதான்.

2005-ம் ஆண்டில் டாட்டா கம்பெனியின் ‘ஏஸ்’ வண்டி வந்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் ‘குட்டி யானை’. 2011-ம் ஆண்டில் ஓசூரில் தயாரான அசோக் லேலண்டு ‘தோஸ்த்’ வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்-அப்பும் ஊர் ஊராக ஓடுகிறது.

இந்த வண்டியை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. மாதா மாதம் கடன் தவணை கட்ட வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை போகும். பழுத்த பலா காத்திருக்குமா? சரக்கும் கெடும்!

ஆகவே, சின்னப் பழுதுகளை நாமே பார்க்கத் தெரிந்து கொள்வது நல்லது. ஆனால் எல்லாவற்றிலும் கை வைத்துவிடக் கூடாது. சில இடங்களில் கை வைத்தால், கையே போய்விடும்!

எது நம் வேலை? எது மெக்கானிக்கின் வேலை? இதைத் தெரிந்து கொண்டால் பணமும் மிச்சம், உயிரும் மிச்சம்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!

ருடால்ப் டீசல் என்பவர் ஜெர்மனி நாட்டு என்ஜினீயர். 1858-ம் ஆண்டில் பாரீஸ் நகரில் பிறந்தவர். அவர் கண்டுபிடித்த எஞ்சினின் முதல் சோதனை 1893-ல் நடந்தது. நான்கு ஆண்டுகள் பாடுபட்டார். 1897-ல் வெற்றி கிடைத்தது. அவர் பெயரே எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா? காற்றை அழுத்தினால் சூடு உண்டாகும். டீசல் எஞ்சின் காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்துகிறது. அப்போது சூடு 500 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் டீசலைப் பனித்துளி போலப் பீச்சுகிறார்கள். உடனே பற்றிக் கொள்கிறது!

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி போட ‘பிளக்’ உண்டு. இங்கே அது தேவை இல்லை. ஆகவே, காற்று சுத்தமாக வர வேண்டும். டீசலும் சுத்தமாக வர வேண்டும். டீசல் எஞ்சின் படுத்துக் கொள்வதற்கு இந்த இரண்டில் வரும் கோளாறே பெரும்பாலும் காரணம்.

இந்த இரண்டையும் சுத்தமாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது!

செம்மண் தூசி செய்யும் வேலை

தோப்புப் பாதையில் வண்டி போனால் செந்தூசி பறக்கும். அந்தத் தூசி எஞ்சினுக்குள் போகாமல் தடுப்பது ‘ஏர் பில்டர்’ என்ற காற்று வடிகட்டி.

வடிகட்டி அடைத்துக் கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வண்டி இழுக்காது. கறுப்புப் புகை கக்கும். டீசல் செலவு கூடும்.

என்ன செய்யலாம்? எஞ்சினை நிறுத்துங்கள். வடிகட்டியின் மூடியைத் திறந்து வெளியே எடுங்கள். மெதுவாகத் தட்டுங்கள். காற்று அடித்தால், உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும். காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். தூசி உள்ளே போனால் எஞ்சினையே அரித்துவிடும்.

டீசலில் தண்ணீர்

டீசலோடு தண்ணீர் கலந்து வருவது உண்டு. தண்ணீர் கனமானது. ஆகவே டீசலுக்கு அடியில் போய்த் தங்கும்.

டீசல் வடிகட்டியின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக் கொண்டு, திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும். பிறகு டீசல் வரும். சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது!

நடு வழியில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டதா? மறுபடியும் டீசல் ஊற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? குழாயில் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள்.

பழைய வண்டிகளில் டீசல் வடிகட்டி அருகே ஒரு கைப் பம்பு இருக்கும். வடிகட்டியின் மேல் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்திவிட்டு, பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும், வரும்போதே திருகை இறுக்க வேண்டும். அவ்வளவுதான்!

புதிய வண்டிகளில் கைப் பம்பை, அது கெட்டியாகும் வரை அழுத்தினால் போதும். வேறு எந்தக் குழாயையும் கழற்ற வேண்டாம். ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

புகை சொல்லும் சேதி

வைத்தியர் நாடி பார்ப்பது போல, டிரைவர் புகையைப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால்: காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள்.

நீலப் புகை வந்தால்: எஞ்சின் ஆயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் போங்கள்.

வெள்ளைப் புகை வந்தால்: காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வருவது சாதாரணம். எஞ்சின் சூடான பிறகும் வந்தால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. தாமதிக்கக் கூடாது.

காலையில் பத்து நிமிஷம்

வண்டி குளிர்ந்திருக்கும்போது, சமமான தரையில் நிறுத்தி, எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும்.

ரேடியேட்டரில் கூலண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வண்டி ‘ஸ்டார்ட்’ ஆகத் தகராறு செய்யும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். கழற்றும்போது கழித்தல் குறி உள்ள முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்பானர் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

இந்த வேலைகளுக்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் படித்தால் போதும். அப்பாவுக்குப் படிக்க வராவிட்டால், பள்ளிக்கூடம் போகும் மகளைப் படித்துச் சொல்லச் சொல்லலாமே!

ஜாக்கிரதை! இங்கே கை வைக்காதீர்கள்!

வண்டி டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 4 பார். புதிய டீசல் எஞ்சின்களில் டீசல் குழாயின் அழுத்தம் 1,600 பார் வரை போகும். அதாவது 400 மடங்கு!

அந்தக் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும். பீச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்துக் கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரம் தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம்.

ஆகவே, எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அப்படி அடிபட்டால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “டீசல் பீச்சி அடித்தது” என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பாயும்.

ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி நழுவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. உறுதியான தாங்கி கொடுக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும்.

பிரேக்கை அழுத்தும்போது பஞ்சு போல அமுங்கினால், அந்த வண்டியை ஓட்டவே கூடாது. அது மெக்கானிக்கின் வேலை.

கூடுதல் பட்டை, கூடுதல் ஆபத்து

சிலர் வண்டியை ‘பலப்படுத்துகிறார்கள்’. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகளை அதிகமாகச் சேர்க்கிறார்கள். பிறகு ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றுகிறார்கள்.

வண்டி தாழவில்லை. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பட்டை சேர்த்ததால் பிரேக் பலம் கூடிவிட்டதா? இல்லை! டயர் பலம் கூடிவிட்டதா? இல்லை! அச்சின் பலம் கூடிவிட்டதா? அதுவும் இல்லை!

முன்பு வண்டி தாழ்ந்து, “பாரம் அதிகம்” என்று எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது. பாரம் கூடினால் பிரேக் சீக்கிரம் சூடாகும். சூடானால் பிடிக்காது. இதில் வேகமும் சேர்ந்தால்? வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும்!

சட்டமும் சும்மா விடாது. 2019-ம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரம் ஏற்றினால் அபராதம் ரூ.20,000. அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. அனுமதி இல்லாத விதத்தில் வண்டியை மாற்றி அமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் உண்டு.

கல்யாணம், திருவிழா என்றால் சரக்கு வண்டியில் குடும்பத்தோடு ஏறிப் போகிறவர்கள் உண்டு. அதற்கும் சட்டத்தில் இடம் இல்லை. பிடித்துக் கொள்ள இருக்கை இல்லை, பெல்ட் இல்லை. வளைவில் வண்டி சாய்ந்தால், பலாப்பழம் உருளுவது போலத்தான் ஆட்களும் உருளுவார்கள்.

செய்யத் தகுந்த வசதிகள்

வண்டிக்கு நல்லது செய்ய ஆசையா? நிறைய வழி இருக்கிறது.

பின்புறமும் பக்கங்களிலும் இருட்டில் பளிச்சிடும் பட்டைகளை ஒட்டுங்கள். தரையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். அதன்மேல் வைக்கோல் பரப்பினால் பழம் அடிபடாது. நல்ல தார்ப்பாய் வாங்குங்கள். தீ அணைக்கும் கருவியும், முதல் உதவிப் பெட்டியும் வையுங்கள்.

கூடுதல் விளக்குப் போட்டுக் கம்பியை ஏனோ தானோ என்று முறுக்கிவிடாதீர்கள். கம்பி சூடாகித் தீப்பிடிக்கலாம். ‘பியூஸ்’ அறுந்தால் அதே அளவு பியூஸ் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றக் கூடாது.

வெள்ளத்தில் என்ன செய்வது?

கடலூர் மாவட்டத்துக்குப் புயலும் வெள்ளமும் புதிது அல்ல. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் சாய்த்தது. 2015-லும் 2024-லும் வெள்ளம் வந்தது.

சாலையில் தண்ணீர் ஓடினால் அதில் வண்டியை இறக்காதீர்கள். காற்றுக் குழாய் வழியே எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது! மறுபடியும் ‘ஸ்டார்ட்’ செய்தால் உள்ளே உள்ள இரும்புத் தண்டு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். தள்ளிக் கொண்டு வந்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வடிகட்டி, ஆயில், பாட்டரி முனை, டயர் காற்று, இவை நம் வேலை. அழுத்தமான டீசல் குழாய், பிரேக், ஸ்பிரிங், இவை மெக்கானிக்கின் வேலை.

தெரிந்த வேலையைத் தள்ளிப் போடாதவர் வண்டி வழியில் நிற்காது. தெரியாத வேலையில் கை வைக்காதவர் பத்திரமாக வீடு திரும்புவார். பலா போய்ச் சேருவது அவசியம். அதை ஓட்டிப் போனவர் வீட்டுக்குத் திரும்பி வருவது அதைவிட அவசியம்!