ஒரு கீபோர்டு, இரண்டு கம்ப்யூட்டர்



நமது இரத்தப் பரிசோதனை அறையைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஐயரே, மேஜைக்கடியில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, மேலே ஒரே திரையும் ஒரே கீபோர்டும்தானே! ஒன்று பழுதா?"

பழுதல்ல. பழையது பரிசோதனைக் கருவியோடு இணைந்தது. அதற்குரிய புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஆகவே அதை நெட்வொர்க்கில் சேர்ப்பதில்லை. நோயாளிகளின் பதிவேடு புதியதில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது கையடக்கமான ஒரு பெட்டி. கே.வி.எம். சுவிட்ச் என்பார்கள், கீபோர்டு, வீடியோ, மவுஸ் என்பதன் சுருக்கம். பொத்தானை அழுத்தினால் திரை இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு மாறும். சில பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக் கட்டையை இரண்டு முறை தட்டினாலே போதும்.

வயரைக் கழற்றி மாட்டினால் ஆகாதா? நம் ஊர் உப்புக் காற்றில் பித்தளை ஊசிகள் பச்சை பூக்கின்றன. அவற்றை நாளுக்கு இருபது முறை ஆட்டுவது நல்லதல்ல. மேலும், பழைய கம்ப்யூட்டர்கள் சுவிட்சைப் போட்டதும் கீபோர்டைத் தேடும். கிடைக்காவிட்டால், 'கீபோர்டு இல்லை, தொடர எஃப்-1 கட்டையை அழுத்தவும்' என்ற கருத்தில் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது! நல்ல பெட்டியோ, நாம் பாராத கம்ப்யூட்டருக்கும் 'கீபோர்டு இங்கேதான் இருக்கிறது' என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இந்த மடல் தயாராகும் என் மேஜையிலும் ஒரு பெட்டி உண்டு. பழைய மடல்களெல்லாம் பாமினி எழுத்துருவில் பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. புதியதில் 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அனுப்புகிறது. அது என்ன எழுத்து என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். ஆகவே ஆங்கில ஜே கட்டையைத் தட்டினால் பழையதில் 'த' வரும், புதியதில் 'ப' வரும். கே கட்டை மட்டும் இரண்டிலும் 'ம'தான்! விரல்கள் குழம்பாமலிருக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. தவறான கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். எண்கள் அப்படியல்ல. 12 எங்கே அடித்தாலும் 12-தான்.

ஒரு ராத்திரி பரிசோதனை அறைத் தம்பி, தாளைக் குனிந்து பார்த்தபடியே ஒரு தாயாரின் ஹீமோகுளோபின் அளவைப் பதிவேட்டில் அடிப்பதாக நினைத்து அடித்துவிட்டார். பெட்டியோ பழைய கம்ப்யூட்டரிலேயே நின்றிருந்தது. அங்கே காத்திருந்தது அடுத்த இரத்தத்தின் மாதிரி எண்ணுக்கான இடம். அப்படியே அந்த மாதிரி வேறொருவருடைய எண்ணை ஏற்றுக்கொண்டது. ரிப்போர்ட் வார்டுக்கு வந்ததும், "இந்த அம்மா இவ்வளவு வெளுத்திருக்கிறார்களே, பன்னிரண்டா?" என்று சிஸ்டர் கேட்டபடியால் மறுபடி பரிசோதித்தோம். இரத்தம் ஏற்றவேண்டிய நிலையில் இருந்தார்கள்.

இப்போது பழையதின் திரை முழு மஞ்சள், புதியதின் திரை நீலம். எண் அடிக்குமுன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். தம்பிக்கு முதலில் கூச்சம்தான்.

இரு கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கில் இணைத்து ஒரே கீபோர்டால் இயக்கும் புரோகிராம்களும் உண்டு. 2001-ல் வந்த சினர்ஜி அவற்றில் ஒன்று. தனித்து வைக்கவேண்டிய கம்ப்யூட்டருக்கு அவை உதவா.

பெட்டி வாங்கித் தர விரும்புகிறவர்கள் முதலில் கம்ப்யூட்டரின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். பதினைந்து துளையுள்ள நீல நிறச் சொருகிக்குச் செய்த பெட்டி, தட்டையான எச்.டி.எம்.ஐ. சொருகிக்குப் பொருந்தாது.